புரட்டாசியில் வாருங்கள்: வேளாண் நல்கையாளர்களுக்கு மானாவாரி நாட்டிலிருந்து ஒரு திறந்த மடல்



வேளாண் தலைமைத்துவ நல்கை பெற்றோ, வேளாண் கல்லூரியின் இறுதியாண்டில் கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டத்தின் கீழோ, விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களுக்கு வரவிருக்கும் இளைஞர்களையும் அவர்களை அனுப்பிவைக்கும் நிறுவனங்களையும் நோக்கி இம்மடல் எழுதப்படுகிறது. ஃபெலோஷிப் என்று பேச்சில் வழங்கும் ஏற்பாடே இங்கே நல்கை எனப்படுகிறது. உழவிலோ உழவைச் சார்ந்த பணியிலோ இருப்பவரைத் தம் ஊரை விட்டு வெளியே அனுப்பி, பிறர் எப்படிப் பயிர் செய்கிறார்கள், எப்படி விற்கிறார்கள், எப்படி நட்டப்படுகிறார்கள் என்பதைப் பார்த்து வரச் செய்து, திரும்பிய பின் தம் தொழிலுக்காகவும் ஊருக்காகவும் முன்னிற்கும் பொறுப்பை ஏற்கச் செய்வதே அதன் நோக்கம். அப்படிக் கற்க வருவோருக்கு இம்மடல் சொல்ல விரும்புவது, மானாவாரி நாட்டின் பயிர்ப் பன்மையை ஒரு பட்டியலாகப் பார்க்கக் கூடாது என்பதாகும். மழை பொய்க்கும் ஆண்டிலும் குடும்பம் நிலைக்க வேண்டும் என்பதற்காகக் காலத்தையும் மண்ணையும் கால்நடையையும் பங்கிட்டு வைத்த ஏற்பாடு அது. அதை இரண்டு நாள் சுற்றுப்பயணத்தில் கற்க இயலாது. விதைப்பு தொடங்கி, அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை அமரும் வரை ஒரே ஊரில் தங்கியிருந்தால்தான் அதன் கணக்கு விளங்கும்.

இத்தகைய நல்கைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரிட்டனில் 1947இல் தொடங்கிய நஃபீல்டு வேளாண் நல்கை, உழவர்களையே தேர்ந்து வெளிநாடுகளின் வேளாண்மையைக் கண்டுவர அனுப்பியது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1965இல் கெல்லாக் அறக்கட்டளையின் உதவியோடு தொடங்கிய திட்டம், இளம் உழவர்களுக்குப் பயிர்த்தொழிலோடு நின்றுவிடாமல் பொருளியலும் அரசியலும் பயிற்றுவித்தது; அந்நாட்டின் பிற மாநிலங்களில் பின்னர் தோன்றிய தலைமைத்துவப் பயிற்சிகள் பலவற்றுக்கு அதுவே முன்மாதிரி. இந்தியாவில் இதற்கு மிக நெருங்கி நிற்பது, 1992இல் ரந்தாவா குழு பரிந்துரைத்த கிராமப்புறப் பணி அனுபவம் ஆகும். வேளாண் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவர்கள் ஊர்ப்புறத்தில் தங்கி, உழவர்களோடு பழகி, அவர்கள் செய்யும் பணிகளைத் தாமும் செய்து பார்ப்பது அதன் அடிப்படை. நோக்கத்தில் குறை காண இடமில்லை. ஆனால் நடைமுறையில் அது பல ஊர்களில் கோயில் திடலில் வண்ணப்பொடியால் ஊர் வரைபடம் வரைவதோடும், செயல்விளக்கம் ஒன்று காட்டி உழவர்களோடு நின்று நிழற்படம் எடுத்துக்கொள்வதோடும் முடிந்துவிடுகிறது. சமூக வரைபடம், வள வரைபடம், பருவ நாட்காட்டி ஆகியவற்றை ஊர்மக்களைக் கொண்டே வரையச் செய்யும் முறைக்குப் பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்று பெயர். ஊர்மக்கள் வேடிக்கை பார்க்க மாணவர்கள் வரைந்தால் அதில் பங்கேற்பு எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

கற்பிக்க வந்த ஒருவர் கற்றுக்கொள்பவராக மாறிய வரலாறு இந்தக் கரிசல் நாட்டிலேயே உண்டு. 1901இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்ற கோ. நம்மாழ்வார் 1963இல் பணியில் சேர்ந்தார். மானாவாரிப் பருத்திக்கும் சிறுதானியங்களுக்கும் உகந்த இடைவெளி, உர அளவு முதலியவற்றைக் கண்டறியும் சோதனைகள் அங்கே நடந்தன. விலை கொடுத்து வாங்கும் இடுபொருள்களை நம்பிய அச்சோதனைகள், கையில் காசும் கிணற்றில் நீரும் இல்லாத மானாவாரி உழவருக்குப் பயன்படமாட்டா என்ற முடிவுக்கு வந்த அவர், சோதனைகளின் போக்கை மாற்ற வேண்டும் என்று வாதிட்டு, அது நடவாதபோது 1969இல் பணியிலிருந்து விலகினார். அதன்பின் களக்காட்டில் அமைதித் தீவு என்னும் தொண்டு நிறுவனத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழவர்களிடையே உழைத்தார். தமிழ்நாட்டில் இயற்கை வேளாண் இயக்கத்தின் முன்னோடியாக அவர் பின்னர் அறியப்பட்டதற்கு அடித்தளம் இந்த ஆண்டுகளில்தான் இடப்பட்டது. அவருடைய முடிவுகள் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. ஆராய்ச்சி நிலையங்களைப் பற்றிய அவர் கணிப்பு சில இடங்களில் கடுமையானது என்றும் சொல்லலாம். எனினும் வேலியிட்ட சோதனைத் திடலுக்கும் கடன் வாங்கி விதைத்த காட்டுக்கும் உள்ள தொலைவை அளக்க அவருக்கு ஆறு ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதை, ஒரு வாரத்தில் அறிக்கை எழுத வருவோர் எண்ணிப் பார்ப்பது நல்லது.

இனி நிலத்துக்கு வரலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியில் ஒரு சம்சாரியின் உடைமை பெரும்பாலும் ஒரே இடத்தில் ஒரே மண்ணாக இருப்பதில்லை (சம்சாரி என்பது கரிசல் நாட்டில் உழவரைக் குறிக்கும் சொல்). கண்மாய்க்குக் கீழே நெல் விளையும் சிறு நஞ்சைத் துண்டு ஒன்று, கிணறு இருந்தால் காய்கறியோ மல்லிகையோ மிளகாயோ நிற்கும் தோட்டக்கால் ஒன்று, ஊரிலிருந்து தள்ளி மழையை மட்டுமே நம்பிய கரிசல் காடு ஒன்று, சில ஊர்களில் அதோடு செவல் நிலம் ஒன்று என்று அது சிதறிக் கிடக்கும். சிதறிய நிலம் உழவுக்குத் தடை என்று பாடநூல்கள் கூறுவதில் உண்மை உண்டு. டிராக்டரை ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்கு ஓட்டிச் செல்லும் செலவை எவரும் மறுக்க முடியாது. ஆனால் கண்மாய் பெருகாத ஆண்டில் நஞ்சை தரிசாகும்போது கரிசல் கைகொடுப்பதும், அடைமழையில் கரிசலில் நீர் தேங்கிப் பயிர் மஞ்சளாகும்போது செவல் தப்புவதும் இந்தச் சிதறலால்தான் நிகழ்கின்றன.

கரிசல், நீர் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண். ஈரத்தை ஆழத்தில் நெடுநாள் பிடித்துவைப்பது அதன் சிறப்பு. மழை விழுந்தபின் கலப்பையோ காலோ வைக்க முடியாதபடி சேறாகிவிடுவது அதன் குறை. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கும் இந்நாட்டில், முதல் மழைக்குக் காத்திருந்து விதைப்பவர் விதைக்கும் நாளையே இழந்துவிடக்கூடும். ஆகவே மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியில், புரட்டாசியில் விதைக்கிறார்கள். ஆடிப்பட்டமே விதைப்புக்கு உரிய பட்டம் என்று தென்மேற்குப் பருவத்தை நம்பிய பகுதிகளிலிருந்து வருவோர் கொண்டிருக்கும் எண்ணம் இங்கே பொருந்தாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இந்த முன்பருவ விதைப்பையே கரிசலுக்குப் பரிந்துரைக்கிறது. விதையைப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் போன்ற உப்புக் கரைசலில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைப்பதற்கு விதைக் கடினப்படுத்துதல் என்று பெயர். வறட்சியைத் தாங்கும் தன்மையை நாற்றிலேயே ஏற்றுவது அதன் பயன். விதையை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட வேண்டும் என்பது அதனோடு சேர்ந்த விதி. மேலாக விழுந்த விதை ஒரு தூறலுக்கே முளைத்து அடுத்த வெயிலில் கருகிவிடும். ஆழத்தில் கிடக்கும் விதையோ போதிய மழை இறங்கிய பிறகே முளைக்கும். எது போதிய மழை என்பதை விதையே முடிவு செய்யும்படி விடுகிற இந்த நுட்பத்தை, மழை தொடங்குவதற்கு முந்தைய அந்தச் சில நாள்களில், வானத்தைப் பார்த்து, விதைக்கவா பொறுக்கவா என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது உடனிருந்தால்தான் கற்க முடியும். நல்கையாளர் புரட்டாசியில் வர வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இதுவே.

அடுத்தது கலப்பு. பருத்தியை முதன்மைப் பயிராகக் கொண்ட காட்டில் உளுந்தோ பாசிப்பயறோ ஊடுபயிராக நிற்கும்; துவரையோ தட்டைப்பயறோ இடையிடையே ஓடும்; வரப்போரம் ஆமணக்கு இருக்கும்; ஒரு பக்கம் மாட்டுக்காகச் சோளம் நெருக்கி விதைக்கப்பட்டிருக்கும். வெளியூரார் கண்ணுக்கு இது ஒழுங்கற்ற காடாகத் தோன்றலாம். உளுந்து ஏறத்தாழ 70 நாளில் அறுவடைக்கு வரும். கம்பு 80 முதல் 90 நாளில் வரும். பருத்தியோ தை தொடங்கிப் பங்குனி வரை பல எடுப்புகளாகக் காசு தரும். மழை இரண்டு பெய்து நின்றுவிட்டால் உளுந்து வீட்டுக்கு வந்துவிடும், பருத்தி போனாலும் களைவெட்டுக் கூலியாவது தேறும். பூக்கும் நேரத்தில் அடைமழை பிடித்து உளுந்து அழுகினால், பருத்தியும் சோளமும் அந்த ஈரத்தில் எழுந்துகொள்ளும். மழை பிந்திவிட்டால், பின்ஈரத்தை நம்பி மல்லியோ கொண்டைக்கடலையோ சூரியகாந்தியோ விதைக்க இன்னும் காலம் இருக்கும். வரப்போர ஆமணக்கின் அகன்ற இலைகளில் புகையிலை வெட்டுப்புழுவின் அந்துப்பூச்சி முட்டையிட விரும்புவதால், முட்டைக் குவியல்களை அங்கேயே கிள்ளி அழித்துவிடலாம். இப்படிப் பூச்சியை இழுக்கும் பயிருக்குப் பொறிப்பயிர் என்று பெயர். ஆக, ஒரு காட்டில் நான்கைந்து பயிர்கள் நிற்பதன் பொருள், ஒரே மழைக்கு நான்கைந்து விதமான விடைகளை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதுதான். விளைச்சலை ஏக்கருக்கு இத்தனை குவிண்டால் என்று ஒற்றைப் பயிருக்கு மட்டும் அளந்து குறித்துக்கொள்ளும் நல்கையாளர் இந்த ஏற்பாட்டின் பயனை ஒருபோதும் காணமாட்டார். நல்ல மழை ஆண்டில் தனிப்பயிரே மிஞ்சும் என்பது உண்மை. ஐந்தாண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் கலப்பின் நியாயம் தெரியும். அந்தக் கணக்கு பெரும்பாலும் ஏட்டில் இல்லை, வீட்டுப் பெண்களின் நினைவில் இருக்கிறது.

கண்மாயை விட்டுவிட்டு இந்நாட்டின் உழவைப் பேச முடியாது. குண்டாறும் அதன் ஓடைகளும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்க, சில நாள் வெள்ளத்தை வரத்துக்கால்கள் வழியே வாங்கித் தேக்கி, மடை வழியே வயலுக்குக் கொடுத்து, மிகுந்ததைக் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு விடும் அமைப்பு இது. ஒன்று நிறைந்தால் மற்றொன்றுக்கு நீர் போவதால் ஊர்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கின்றன. மேல் ஊர்க் கலுங்கில் யாரேனும் ஒரு வரிசைக் கல் உயர்த்திவிட்டால் கீழ் ஊரில் வம்பு எழும். நீரைப் பங்கிட நீர்பாய்ச்சி என்னும் ஊர்ப்பணியாளர் இருந்தார். அவருக்குக் கூலி களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. நெல் குறைந்து, கூலியும் குறைந்து, அப்பணி பல ஊர்களில் மறைந்தது. மடைகள் அடைபட்டதற்கும் கரைகளில் சீமைக்கருவேலம் ஏறியதற்கும் அரசின் கவனக்குறைவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கிணறும் ஆழ்துளையும் வந்தபின், வசதியுள்ள சம்சாரிக்குக் கண்மாய் தேவைப்படவில்லை என்பதும் ஒரு காரணம். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, கண்மாய்ப் பாசன உழவர்களை வயலகம் என்னும் சங்கங்களாகச் சேர்த்து வருகிறது. அரசு 2017இல் குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் கொண்டு வந்தது. பாசனதாரர்களே சேர்ந்து கண்மாயைச் சீர்செய்யும் பழைய வழக்கமே குடிமராமத்து. நல்கையாளர் இங்கே அளக்க வேண்டியது எத்தனை கனமீட்டர் வண்டல் அள்ளப்பட்டது என்பதை மட்டுமன்று. அள்ளிய அடுத்த ஆண்டு மடையைத் திறக்கவும் அடைக்கவும் யார் போனார், அவருக்கு யார் கூலி கொடுத்தார் என்பதையும்தான். தலைமைத்துவம் என்னும் பெரிய சொல்லுக்கு ஊரளவில் இதைவிடத் தெளிவான சோதனை வேறு இல்லை.

அறுவடை முடிந்து பங்குனி, சித்திரையில் கிடை வரும். கீதாரி என்று அழைக்கப்படும் ஆட்டு மந்தைத் தலைவரோடு பேசி, இத்தனை இரவு இத்தனை ஆடு என்று முடித்து, காட்டில் ஆடுகளை அடைப்பதற்குக் கிடை போடுதல் என்று பெயர். புழுக்கையும் சிறுநீரும் நிலத்திலேயே விழுவதால் வண்டிக் கூலியின்றி எரு சேர்கிறது. ஆடுகளுக்கு மகசூல் முடிந்த காட்டின் தாளும் பயற்றுக்கொடியும் இரையாகின்றன. வெள்ளையில் செம்புள்ளி விழுந்து உயர்ந்து நிற்கும் வேம்பூர் ஆடு, கன்னி ஆடு என்னும் வெள்ளாட்டினம் ஆகியவை இந்நாட்டின் வெக்கைக்கும் வறட்சிக்கும் பழகியவை. பயிரியல், மண்ணியல், கால்நடையியல் என்று கல்லூரியில் மூன்று கட்டடங்களில் நடக்கும் பாடங்கள் இங்கே ஒரே இரவில் ஒரே காட்டில் நடக்கின்றன. ஆனால் மாசியோடு ஊர் திரும்பிவிடும் பயிற்சியில் கிடைக்கு இடமே இல்லை. சொந்த நிலமின்றி மந்தையோடு ஊர் ஊராகப் போகும் கீதாரியை எந்த நிறுவனமும் முன்னோடி விவசாயி என்று அழைத்து மேடையேற்றியதாகத் தெரியவில்லை. மானாவாரி மண்ணின் வளத்தில் அவருக்குரிய பங்கோ பெரிது.

இவ்வளவு சொன்னபின், பழைய ஏற்பாடு அப்படியே நிற்கிறது என்று நல்கையாளர் நம்பிவிடக் கூடாது. கடந்த சில பத்தாண்டுகளில் மக்காச்சோளம் கரிசலின் பெரும்பரப்பைப் பிடித்துக்கொண்டது. நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனத் தேவை நிலையான சந்தையைத் தந்தது. விதைக்கவும் அறுக்கவும் எந்திரம் வந்தது. பருத்தி எடுக்க ஆள் கிடைக்காத வீடுகளுக்கு அது பொருந்தியது. சம்சாரிகள் மதி கெட்டு மாறினார்கள் என்பதில்லை, கணக்குப் பார்த்தே மாறினார்கள். ஆனால் 2018இல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் வந்து, அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைச் சூறையாடியபோது, காட்டில் வேறு பயிர் இல்லாதவர்களுக்கு விழுந்த அடி பெரிது. அதன்பின் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்த மேலாண்மை முறைகளில், கோடை உழவும், எக்டேருக்கு 250 கிலோ வேப்பம்புண்ணாக்கும், வரப்போரத்தில் தட்டைப்பயறு, எள், துவரை, சூரியகாந்தி ஆகியவற்றை விதைப்பதும் இடம்பெற்றன. வரப்பில் வேறு பயிர் என்ற பழைய வழக்கம், கழற்றி எறியப்பட்ட சில ஆண்டுகளுக்குள் பரிந்துரைத் தாளில் புதிய தொழில்நுட்பமாகத் திரும்பி வந்தது வேடிக்கைதான். இம்முறை அதற்குக் காரணமும் சேர்த்து எழுதப்பட்டிருந்தது என்பது அறிவியலுக்குப் பெருமை.

மறுபக்கத்தில், பழையது அனைத்தும் உயர்ந்தது என்ற மயக்கமும் இளைஞர்களிடம் பரவி வருகிறது. குதிரைவாலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 100 நாளில் விளைந்து, சிறு மழையிலும் தாங்கி, தாளை மாட்டுக்குத் தரும் இந்தச் சிறுதானியம் விருதுநகர் மாவட்டத்துக்கு நெடுங்காலமாகப் பழக்கமானது. அது உணவிலிருந்து விலகியதற்கு அரிசி மோகத்தை மட்டும் குற்றம் சொல்பவர்கள் உரலையும் உலக்கையையும் மறந்துவிடுகிறார்கள். குதிரைவாலியின் உமியைக் குத்தி நீக்குவது பெண்களின் தோளை முறிக்கும் வேலை. ரேஷன் அரிசி வந்ததும் அவர்கள் அந்த வேலையிலிருந்து விடுபட்டார்கள். ஐக்கிய நாடுகள் அவை 2023ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததைக் கொண்டாடிய மேடைகளைவிட, உமி நீக்கும் எந்திரம் ஒன்று பக்கத்து ஊரில் இருக்கிறதா, அது ஓடுகிறதா என்பதே குதிரைவாலி சமையலறைக்குத் திரும்புமா என்பதை முடிவு செய்யும்.

சந்தை பற்றியும் ஆவணங்கள் பற்றியும் சுருக்கமாகச் சொன்னால் போதும். பயறு, மல்லி, மிளகாய் விலையை விருதுநகர்ச் சந்தை தீர்மானிக்கிறது. கமிஷன் கடையில் முன்பணம் வாங்கிய சம்சாரிக்கு விலை பேசும் வலு குறைவு. அண்டை மாவட்டத்தின் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது காட்டில் நிற்பவருக்கு எவ்வளவு கூடுதல் விலையாக இறங்கியிருக்கிறது என்பதை நல்கையாளர் கேட்டறியலாம். 2016 முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம், அறிவிக்கை செய்யப்பட்ட பகுதியில் அறிவிக்கை செய்யப்பட்ட பயிருக்கே பொருந்தும். இழப்பு, பகுதி அளவில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையை வைத்துக் கணக்கிடப்படும். நான்கு பயிர் கலந்து விதைத்தவரின் காடு இந்தக் கட்டத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. பன்மையைப் போற்றும் அரசே ஒற்றைப் பயிரைக் காப்பீட்டுக்கு எளிதாக்கி வைத்திருக்கும் இம்முரண்பாட்டைச் சுட்டி, தரவோடு எழுதினால், அந்த ஓர் அறிக்கையே ஒரு நல்கையின் செலவுக்கு ஈடாகும்.

ஊரில் யாரிடம் கற்பது என்பதும் கருத வேண்டியது. வேளாண் துறையின் அட்மா திட்டத்தில் நடக்கும் பட்டறிவுப் பயணங்கள், அதாவது ஓரூர் உழவரை வேறூருக்கு அழைத்துச் சென்று காட்டும் பயணங்கள், பெரும்பாலும் சாலையோரமாகச் சொட்டுநீர்க் குழாயோடு பளிச்சென்று நிற்கும் தோட்டங்களிலேயே போய் நிற்கின்றன. அத்தோட்டக்காரரின் உழைப்பைக் குறை சொல்வதற்கில்லை; ஆயினும் மானாவாரியின் பாடம் அங்கே இல்லை. விதைப்பு, களைவெட்டு, பருத்தி எடுப்பு ஆகிய மூன்றும் பெண்களின் கையில் இருக்கின்றன. பட்டாவோ பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருக்கிறது. ஆண்கள் பலரும் இளைஞர்களும் சிவகாசி, சாத்தூர்ப் பகுதிப் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்கும் அருப்புக்கோட்டை நூற்பாலைகளுக்கும் வேன் ஏறிப் போய்விட, விதைக்கவா பொறுக்கவா என்ற முடிவையும் பல வீடுகளில் பெண்களே எடுக்கிறார்கள். உழவர் கூட்டம் என்று அழைத்தால் வந்து உட்காருபவர்கள் வேறு, காட்டை நடத்துபவர்கள் வேறு என்பதை முதல் வாரத்திலேயே புரிந்துகொள்ளும் நல்கையாளர் மற்றவர்களைவிட மிகவும் முந்திவிடுவார். கரிசல் மக்களின் உழவுச் சொற்கள் புரியாமல் தடுமாறுவோருக்கு, கி. ராஜநாராயணன் தொகுத்து 1982இல் வெளிவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி உதவும். எந்த வேளாண் கையேட்டுக்கும் முன் அதைப் படிப்பது பயன் தரும்.

நல்கை ஒருவழிப் பாதையாக இருப்பது இம்மடலின் பெரிய மனக்குறை. கற்க வருபவர் பட்டதாரி, காட்டுபவர் சம்சாரி என்ற ஏற்பாடு மாறாமல் நீடிக்கிறது. 1947இன் நஃபீல்டு நல்கை உழவரையே அனுப்பியது என்பதை மேலே கண்டோம். திருச்சுழியைச் சேர்ந்த கண்மாய்ச் சங்கத்துப் பெண் ஒருவர் இலங்கையின் உலர் வலயத்துக்குச் சென்றால், எல்லங்கா என்று அங்கே வழங்கும் தொடர் குளங்களைக் கண்டு, குளத்துக்கு மேலே காடும் கீழே உப்பை வாங்கும் மரவரிசையும் எப்படி விடப்பட்டிருக்கின்றன என்பதைத் தம் ஊர்க் கண்மாயோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றுக்கொண்ட அந்த அமைப்புக்கும் குண்டாற்றுக் கண்மாய்த் தொடருக்கும் உறவு நெருக்கமானது. மொழி தெரியாத இடமும் அன்று, வவுனியாப் பக்கம் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். மகாராட்டிரத்தின் ஹிவரே பஜாரில், அவ்வாண்டு விழுந்த மழையை அளந்து, எந்தப் பயிருக்கு எவ்வளவு நீர் என்று ஊரே கூடி நீர்க்கணக்குப் போடுவதையும், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருப்பதையும் நேரில் பார்த்து வரும் சம்சாரி, தம் ஊரில் அதைப் பேசும்போது எழும் மறுப்புகளுக்கு விடை சொல்லும் வலுவோடு திரும்புவார். ஆந்திரத்தில் இயற்கை வேளாண் திட்டத்தின் கீழ், பருவமழைக்கு முன்பே பல விதைகளைக் கலந்து விதைத்து நிலத்தைப் பசுமையால் மூடும் முறையும் அப்படியே. அது கரிசலுக்குப் பொருந்துமா என்பதைப் பட்டதாரியைவிட விரைவாகச் சொல்லக்கூடியவர் புழுதியில் விதைத்துப் பழகியவர்தான்.

2018இல் வளர்ச்சியை எதிர்நோக்கும் மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் இராமநாதபுரமும் சேர்க்கப்பட்ட பின், இப்பகுதிக்கு வரும் ஆய்வாளர்களும் பயிற்சியாளர்களும் கூடியிருக்கிறார்கள். வருகை நல்லதே. ஆனால் ஒரே ஊரில், ஒரே சாவடித் திண்ணையில், ஒரே கேள்விகளை ஆண்டுதோறும் வெவ்வேறு குழுக்கள் கேட்பதும், முந்தைய குழு எழுதியது என்ன என்று ஊராருக்குத் தெரியாமல் போவதும் மதிப்புக் குறைவான செயல்கள். கேள்விக்கு விடை சொல்ல அரைநாள் உட்காரும் கூலிப்பெண்ணுக்கு அந்த அரைநாள் கூலியை நல்கையின் செலவுக் கணக்கிலேயே எழுதி வைப்பது நியாயமானது. தங்க இடமும் உணவும் கொடுக்கும் வீட்டுக்கு மாதந்தோறும் பணம் தரப்பட வேண்டும் என்பதும் அத்தகையதே. ஊர் வாஞ்சையின் பெயரால் அதைத் தவிர்ப்பது முறையன்று.

ஆகவே நல்கை வழங்கும் நிறுவனங்களிடமும் பல்கலைக்கழகத்திடமும் இம்மடல் வேண்டுவன இவை. பயிற்சிக் காலத்தைக் கல்லூரிப் பருவத்தோடு பொருத்தாமல் விதைப்புப் பட்டத்தோடு பொருத்தி, புரட்டாசியில் தொடங்கிச் சித்திரையில் முடியுங்கள். ஒவ்வோர் ஆண்டும் வழங்கும் இடங்களில் பாதியையாவது பட்டம் பெறாத உழவர்களுக்கும் கீதாரிகளுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், ஒதுக்குங்கள். வெள்ளாமை பொய்த்த ஆண்டில் பயிற்சியைத் தள்ளிவைக்காதீர்கள். அந்த ஆண்டே அதற்கு ஏற்ற ஆண்டு. வருகிற இளைஞர்களிடம் வேண்டுவது ஒன்று. அறிக்கையைத் தமிழில் எழுதி, தங்கியிருந்த ஊரின் கிராம சபையில் படியுங்கள். தவறாகப் புரிந்துகொண்டதை அங்கேயே திருத்திச் சொல்ல ஆள் இருப்பார்கள். கிராம சபை ஆண்டுதோறும் மே 1 அன்று கூடுகிறது. பருத்தி எடுப்பு முடிந்து, கோடை உழவுக்கு முன், காட்டில் வேலை குறைந்திருக்கும் நாள் அது.